ஃபுல் ஸ்கிரீனுக்குள் மாட்டிக்கொண்ட 20-ஆம் தேதி ராத்திரி

ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்களிடம் 20-ஆம் தேதி என்று சொன்னாலே போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மாதாமாதம் ஜிஎஸ்டிக்குக் காட்டுகிற வரிக் கணக்கை 3பி ரிட்டர்ன் என்போம். முந்தைய மாதத்து 3பி போட அன்றைக்குத்தான் கடைசி நாள். நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். வீடு பவானி. மதியம் வரை ஆபீஸ், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு வீட்டிலிருந்தே வேலை. கிளம்பும்போது ஆபீஸில் என் கணினியை அணைக்காமல் விட்டுவிட்டு வருவேன். ராத்திரி வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் போட்டு அதற்குள் நுழைந்து, அங்கே இருக்கிற டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரையும் எக்செல்லையும் இங்கிருந்தே இயக்குவேன். நாலு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அதனால் எனக்கு இந்த விஷயம் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்குப் போன நவம்பரில் நான் கொடுத்த விலை 2,700 ரூபாய், ஒரு ராத்திரித் தூக்கம், கொஞ்சம் மானம்.

அன்றைக்கு ஏழு ரிட்டர்ன் போட வேண்டியிருந்தது. பத்தேகாலுக்குள் நாலு முடிந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு மில்லில் நைட் ஷிஃப்ட், மகள் தூங்கிவிட்டாள். ஐந்தாவது, எங்கள் ஊர் ஜமக்காள வியாபாரி ஒருவருடையது. கடைசி நேரத்து பில்கள் கொஞ்சம் விட்டுப்போய்விட்டன என்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து பென் டிரைவில் ஒரு ஃபைல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். ஆக, ஃபைல் என் மடியில் இருக்கிற லேப்டாப்பில் இருக்கிறது, நான் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது ஈரோட்டுக் கணினியை. ஒரு நிமிடம் ரிமோட்டை விட்டு வெளியே வந்து அந்த ஃபைலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கமாக ரிமோட் டெஸ்க்டாப் திரை முழுக்க விரிந்திருக்கும்போது உச்சியில் நடுவில் ஒரு பட்டை இருக்கும். அதில் ஆபீஸ் கணினியின் பெயர், பக்கத்தில் சுருக்குவதற்கான கோடு, மூடுவதற்கான பெருக்கல் குறி எல்லாம் உண்டு. அந்தப் பட்டை பிரவுசர் டேப்களின் மேலேயே உட்கார்ந்து உயிரை வாங்குகிறது என்று அன்றைக்குச் சாயங்காலம்தான் செட்டிங்கில் போய் அதன் டிக்கை எடுத்துவிட்டிருந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். எடுத்தபோது திரை சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது வெளியே வர வழி எங்கே என்று தேடினால், மவுஸை உச்சியில் கொண்டுபோய் இடித்தாலும் எதுவும் இறங்கி வரவில்லை.

எஸ்கேப் அழுத்தினேன். டேலியில் எஸ்கேப் என்றால் ஒரு திரை பின்னால் போகும். நான் அழுத்த அழுத்த அது ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் வெளியேறட்டுமா என்று என்னைக் கேட்டது. எஃப் 11 அழுத்தினேன். பிரவுசரில் ஃபுல் ஸ்கிரீனை விட்டு வர அதுதானே கை தானாகப் போகிற பட்டன். டேலியில் எஃப் 11-க்கு ஃபீச்சர்ஸ் திரை திறக்கும், அது திறந்தது. ஆல்ட் டேப் அடித்தேன், ஆபீஸ் கணினியில் திறந்திருந்தவை மட்டும் மாறி மாறி வந்தன. ஒரு பட்டன் கூட வேலை செய்யாமல் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன, ஆனால் 15 கிலோமீட்டர் தள்ளி. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஷார்ட்கட் எல்லாம் செத்துப்போய்விட்டது, லேப்டாப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மணி வேறு 10:40.

அடுத்து செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு டி சேர்த்து அடித்தேன். எல்லாம் இறங்கி டெஸ்க்டாப் வந்தது. ஆபீஸ் கணினியிலும் லேப்டாப்பிலும் ஒரே வால்பேப்பர், விண்டோஸ் போடும்போதே வருகிற அதே நீலப் படம். அப்பாடா, என் லேப்டாப்புக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஜமக்காள ஃபைலைத் தேடினால் இல்லை. ஐகான்கள் இடம் மாறிக் கிடப்பதாகப் பட்டது. சரி, இது மண்டை குழம்பிக் கிடக்கிறது, ஒருமுறை அணைத்துப் போட்டால் தெளிந்துவிடும் என்று ஆல்ட் எஃப் 4 அடித்தேன். டெஸ்க்டாப்பில் அதை அடித்தால் அணைக்கவா, மறுபடி தொடங்கவா என்று ஒரு பெட்டி வரும் இல்லையா, வந்தது. ஷட் டவுன் கொடுத்தேன். எக்செல் சேமிக்காமல் இருக்கிறது, பரவாயில்லையா என்றது. அதற்கும் பரவாயில்லை என்றேன்.

திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு, ரிமோட் இணைப்பு முடிந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி. அதன் பின்னால் என் லேப்டாப், என் ஐகான்கள், ஜமக்காள ஃபைல், எல்லாம் வைத்தது வைத்தபடி. வெளியே வந்துவிட்டேன் என்று சிரித்தது இரண்டு நொடி இருக்கும். மறுபடி ரிமோட்டில் போகப் பார்த்தேன், கணினி கிடைக்கவில்லை என்றது. அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. நான் அணைத்தது ஈரோட்டுக் கணினியை. அதை ஆன் பண்ண யாராவது போய் விரலால் பட்டனை அழுத்த வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நிமிடம் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் மிச்சக் கதையே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் திரை முழுக்க இருக்கும்போது, நீங்கள் அடிக்கிற விண்டோஸ் ஷார்ட்கட்களை எல்லாம் அந்தப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். அது பழுதில்லை, அப்படித்தான் செட்டிங் வைத்திருக்கிறார்கள். விதிவிலக்காக ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல் ஆல்ட் டெலீட். இந்த மூன்றை மட்டும் எந்த ப்ரோகிராமும் நடுவில் பிடித்துக்கொள்ள முடியாது, உங்கள் மடியில் இருக்கிற கணினியின் விண்டோஸே நேராக வாங்கிக்கொள்ளும். அதை அடித்து, வருகிற திரையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் என்றிருப்பதைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம். அந்தப் பக்கம் திறந்திருந்த டேலிக்கும் எக்செல்லுக்கும் ஒன்றும் ஆகாது. நாம் பார்க்கிற ஜன்னல் மட்டும்தான் மூடுகிறது, அறைக்குள் சாமான் அப்படியே இருக்கும். திரும்ப இணைந்தால் கர்சர்கூட விட்ட இடத்தில் இருக்கும். எனக்கும் அந்த மூன்று பட்டன் ஞாபகத்துக்கு வந்தது. மற்றதெல்லாம் வேலை செய்யவில்லை, இது மட்டும் என்ன செய்யப்போகிறது என்று அடிக்காமல் விட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆடிட்டர் சாருக்கு போன் போட்டேன். சொந்தக்காரர் கல்யாணம் என்று பழனியில் இருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி விடுங்கம்மா. சாவி தம்பிகிட்ட இருக்குது, வரச்சொல்றேன். ஆனா இந்த ராத்திரியில தனியாப் போவோணுமா?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி மகளுக்குத் துணை படுக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வாடகைக் கார் பிடித்தேன். போகவர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். வழியெல்லாம் போனில் மணியைப் பார்த்துக்கொண்டே போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

பன்னீர்செல்வம் பார்க் பக்கத்தில் ஆபீஸ். வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து, "என்னங்க அம்மிணி, இந்நேரத்துக்கு?" என்றார். பதில் சொல்லாமல் படியேறினேன். தம்பி கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தபோது 11:38. கணினியை ஆன் பண்ணினேன். அது, அப்டேட் நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள் என்றது. எத்தனையோ நாளாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அப்டேட். அணைக்கும்போது வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சதவீத எண் ஏறுவதை நானும் தம்பியும் நின்றுகொண்டு பார்த்த பன்னிரண்டு நிமிடத்தை நான் யாருக்கும் வேண்டிக்கொள்ள மாட்டேன். 11:50-க்குத் திரை வந்தது. மிச்சமிருந்த மூன்று ரிட்டர்னில் ஒன்றுக்கு எல்லாக் கணக்கும் தயாராக இருந்தது, அந்த வாடிக்கையாளர் ஓடிபிக்காக விழித்துக்கொண்டும் இருந்தார். 11:57-க்கு அது போய்விட்டது. மற்ற இரண்டும் போகவில்லை. அதில் ஒன்று ஜமக்காள அண்ணனுடையது.

இரண்டையும் மறுநாள் காலையில் போட்டேன். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரிட்டர்னுக்கு 50 ரூபாய், மத்திய வரிக் கணக்கில் 25, மாநில வரிக் கணக்கில் 25. வரிப்பணத்தை முன்பே கட்டி வைத்திருந்ததால் வட்டி வரவில்லை. இரண்டுக்கும் சேர்த்து 100 ரூபாயை நான்தான் கொடுத்தேன், சார் வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை. 100 ரூபாய் பெரிதில்லை. ஆனால் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத் தேடினால் யார் எந்தத் தேதியில் ரிட்டர்ன் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஒருநாள்கூடப் பிந்தாத பட்டியலில் 21 என்று ஒரு தேதி. ஜமக்காள அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நாந்தேன் லேட்டா குடுத்துட்டனுங்களா?" என்று என்னிடமே கேட்டார். இல்லைங்கண்ணா, தப்பு என்னுது என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

இனி என் இரண்டாவது முட்டாள்தனம். மறுநாள் லேப்டாப்பை ஒரு ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். ரிமோட் டெஸ்க்டாப் என்ற வார்த்தையையே நான் சொல்லவில்லை. அவர் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, விண்டோஸ் கெட்டிருக்கும், ஃபார்மட் போட்டுவிடலாம் என்றார். 1,500 ரூபாய். வீட்டுக்கு வந்து பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான சாஃப்ட்வேர், தமிழ் டைப்பிங் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போட அரைநாள் ஆனது. ரிமோட்டில் போய்ப் பார்த்தால் உச்சியில் பட்டை வந்திருந்தது! பார்த்தாயா, ஃபார்மட் போட்டதும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். நடந்தது என்னவென்றால், ஃபார்மட்டில் நான் எடுத்த டிக் அழிந்து, பழையபடி வந்திருக்கிறது. ஒரு டிக் போட 1,500 ரூபாய் கொடுத்த ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

உண்மை தெரிந்தது ஜனவரியில். பட்டை மறுபடி கண்ணை உறுத்த, மறுபடி டிக்கை எடுத்தேன், மறுபடி மாட்டினேன். நல்லவேளை, ஒரு சனிக்கிழமை மதியம், அவசரம் எதுவுமில்லை. இந்த முறை பட்டனைத் தட்டாமல் உட்கார்ந்து யோசித்தேன். டிக் எடுத்ததும் மாட்டுகிறேன் என்றால் கோளாறு டிக்கில்தானே. போனில் தேடிப் படித்தேன், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் அடித்து என் பெயர், என் டாஸ்க் மேனேஜர் வந்தபோது நவம்பர் ராத்திரி முழுக்கக் கண்முன்னே ஓடியது. இத்தனை லேசா என்று அழுகையே வந்தது.

அன்றைக்குச் சோதித்ததில் உருப்படியானவற்றைச் சொல்கிறேன். கன்ட்ரோல், ஆல்ட், ப்ரேக் மூன்றையும் சேர்த்து அடித்தால் ஃபுல் ஸ்கிரீன் சின்ன ஜன்னலாக மாறிவிடும், திரும்ப அடித்தால் விரியும். அதற்கென்றே வைத்த ஷார்ட்கட் அதுதான். சிக்கல் என்னவென்றால் இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் பாஸ் (Pause), ப்ரேக் (Break) என்று எழுதிய பட்டனே கிடையாது. சிலவற்றில் ஃபங்ஷன் பட்டனோடு பி (B) சேர்த்தால் ப்ரேக் ஆகும், சிலவற்றில் வேறு எழுத்து. என்னுடையதில் எதுவும் ஆகவில்லை. உங்களுடையதில் ஆகுமா என்று அவசரமில்லாத ஒரு பகலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பியில் செருகுகிற பெரிய கீபோர்டு வீட்டில் பழையது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதில் ப்ரேக் இருக்கும். ஸ்கிரீனில் வருகிற கீபோர்டைத் திறக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. திறந்தேன், அது ஈரோட்டில் திறந்தது.

எதுவுமே ஆகவில்லையா, மோடம் சுவிட்சை அணையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெட் போனதும் ரிமோட் டெஸ்க்டாப் திரும்ப இணையப் பார்க்கும், அந்தப் பெட்டியில் கேன்சல் கொடுத்தால் உங்கள் திரைக்கு வந்துவிடுவீர்கள். அதுவும் இல்லாவிட்டால் லேப்டாப்பின் பவர் பட்டனையே அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். லேப்டாப்பில் சேமிக்காமல் ஏதாவது இருந்தால் அது மட்டும் போகும், அந்தப் பக்கத்துக் கணினி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் தொட்டிருக்கவே கூடாதது ஆல்ட் எஃப் 4-ஐத்தான். ரிமோட்டுக்குள் வேலை முடிந்தால் டிஸ்கனெக்ட் கொடுங்கள், ஷட் டவுன் பக்கம் கையே போக வேண்டாம்.

பட்டையைத் திரும்பக் கொண்டுவர, ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்ததும் கணினிப் பெயர் கேட்கிற பெட்டியில் ஷோ ஆப்ஷன்ஸ் கொடுத்து, டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் அடியில் அந்த டிக் இருக்கும். பட்டை உறுத்துகிறதென்றால் டிக்கை எடுக்காதீர்கள். பட்டையிலேயே ஓரத்தில் இருக்கிற குண்டூசியை ஒருமுறை தட்டினால் தானாக ஒளிந்துகொண்டு, மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் இறங்கி வரும். பக்கவாட்டில் இழுத்து ஓரமாகத் தள்ளியும் வைக்கலாம். இது தெரிந்திருந்தால் நான் எதையும் எடுத்திருக்கவே மாட்டேன். இன்னொன்று, அதே ஆப்ஷன்ஸில் லோக்கல் ரிசோர்சஸ் என்ற பகுதியில், மோர் கொடுத்து டிரைவ்ஸ் என்பதை டிக் செய்துவிட்டால், உங்கள் லேப்டாப்பின் டிஸ்க் அந்தப் பக்கத்துக் கணினிக்குள்ளேயே தெரியும். ஜமக்காள ஃபைலை எடுக்க நான் வெளியே வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ரிமோட் இல்லாமல் சாதாரண பிரவுசரில் மாட்டினால் இவ்வளவு பாடில்லை. எஃப் 11 கேட்காவிட்டால் ஃபங்ஷன் பட்டனோடு சேர்த்து அடித்துப் பாருங்கள், பல லேப்டாப்பில் அந்த வரிசை சத்தம் கூட்டவும் வெளிச்சம் குறைக்கவும்தான் வைத்திருக்கிறார்கள். குரோமில் மவுஸை மேல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தால் மூடுகிற குறி வரும். எஸ்கேப்பைத் தட்டினால் போகாத சில பக்கங்கள் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் விட்டுவிடும். அந்த ராத்திரி துணைக்குப் படுத்த அக்காவுக்கு ஒருநாள், வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று அலறிக்கொண்டு திரை முழுக்க ஒரு பக்கம் வந்துவிட்டது. அழுத்திப் பிடித்தே அதை மூடினோம். விண்டோஸ் தருகிற எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது, கூப்பிட்டுவிடாதீர்கள். கூப்பிட்டுப் பணமும் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

இப்போது ஆபீஸ் சாவி ஒன்று வாட்ச்மேன் அண்ணனிடமும் இருக்கிறது. என் ஆபீஸ் கணினியின் வால்பேப்பரையும் மாற்றிவிட்டேன், எந்தக் கணினிக்குள் இருக்கிறேன் என்று பார்த்ததுமே தெரிய வேண்டும் இல்லையா. ஜமக்காள அண்ணன் கடையில் விரித்துப் போட்டிருந்த சிவப்புக் கோடு போட்ட ஜமக்காளம் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆபீஸ்லயே படுத்துக்கிற மாதிரி ஏற்பாடா?" என்றார்.